போன் இல்லாம ஓடுற மெஷின்

பயப்படாம கிட்ட வாத்தா. கடிக்காது. துணி போட்டு மூடி வச்சிருக்கவும் உனக்கு என்னமோ ஏதோன்னு இருக்கு. அந்த முனையைப் பிடிச்சு இழு. பாத்தியா, இம்புட்டுதான். தையல் மெஷின் பெட்டி அளவு. உள்ளுக்குள்ள சின்னதா ஒரு பிளேடு இருக்கு, நகத்துல பாதி கூட வராது, அதுதான் காகிதத்தை வெட்டும். பூவுன்னா பூ, மயிலுன்னா மயிலு. நீ பாட்டுக்கு உட்காந்து பாத்துக்கிட்டே இருக்க வேண்டியதுதான்.

உட்காரு. அந்த நாற்காலி வேணாம், அது எம் மவன் வீரக்குமார் உட்கார்றது. அவன் வீட்ல இல்லாட்டியும் அதுல யாரும் உட்கார்றதில்ல. இந்த முக்காலியை என் வலது பக்கமா இழுத்துப் போட்டுக்க. நாகஜோதியும் இதுலதான் உட்காருவா.

ஏன் மூஞ்சி அப்படிப் போகுது? புரோக்கர் உங்கம்மாகிட்ட சொல்லலையா? சொல்லியிருப்பான். அவனுக்கு முன்னாடி நாகஜோதியோட ஒரு கல்யாணம் நடந்துச்சு, சரிப்பட்டு வரலைன்னு சொல்லியிருப்பான். அம்புட்டுதான் விஷயம். கோர்ட்டு, கேஸுன்னு அது ஒரு பக்கம் இழுத்துக்கிட்டுக் கெடக்கு. அதுக்காக ஆம்பளப் புள்ள காலம்பூரா ஒண்டியாக் கெடக்க முடியுமா? அதான் உன்னைய மலைக்கோயில்ல வச்சு சத்தமில்லாம முடிச்சோம். நீ அதையெல்லாம் மனசுல போட்டு ஒழப்பாத.

என்னத்தத் தேடுற? போனா? அது வீரக்குமார்கிட்ட பத்திரமா இருக்கு தாயி. மில்லுக்குக் கொண்டு போயிருக்கான். சாயங்காலம் வந்ததும் அவனே உங்கம்மாவுக்குப் போட்டுக் குடுப்பான். பக்கத்துலயே இருப்பான், பேசிக்க. புதுப் பொண்ணு கையில போனு எதுக்கு, சொல்லு. நாளைக்குத்தான் உங்கம்மா ஆடிச்சீரைத் தூக்கிக்கிட்டு நேர்லயே வாராகளே.

நான் சொல்ல வந்தது மெஷினைப் பத்தி. என் தங்கச்சி மக சொல்றா, "பெரியம்மா, இதை வித்துப்புட்டு வேற வாங்குங்க, இப்ப போன்ல ஓடுறது வெலை கம்மியா வருது, டிசைனும் நெறைய"ன்னு. நீயும் காலேஜ்ல காகிதப் பூ செஞ்சு பரிசு வாங்கின புள்ளன்னு உங்கம்மா சொன்னாக. இனிமே இந்த வீட்ல இந்த வேலையைச் செய்யப் போறவ நீ. அதான் உன்கிட்டயே கேப்போம்னு கூப்பிட்டேன். எது வேணும்னு சொல்லு. ஆனா சொல்றதுக்கு முன்னாடி இதை எடுத்த கதையைக் கேட்டுரு. கேட்டாத்தான் இந்த மாமியாக்காரி எப்பேர்ப்பட்டவன்னு உனக்குத் தெரியும்.

நாகஜோதிக்கு காகித வேலைன்னா உசுரு. நான் பொய் சொல்லக் கூடாது, கை சுத்தம். சீர்த்தட்டு அலங்காரம், வளைகாப்புக்கு வளையல் பெட்டி, காதுகுத்துக்குத் தாய்மாமன் பேரு போட்ட தோரணம், எல்லாம் வெறும் கத்திரிக்கோல்லதான். கத்திரிக்கோலை ஆட்டவே மாட்டா. காகிதத்தைத்தான் திருப்பித் திருப்பிக் குடுப்பா. நான் பக்கத்துல உட்காந்து பூண்டு உரிச்சுக்கிட்டே பாப்பேன். நல்லாத்தான் இருந்துச்சு அப்பல்லாம்.

ஆர்டரெல்லாம் அவ போனுக்குத்தான் வரும். ஒருநாள் ஒரு பய பேசினான், "அக்கா, பெட்டி எப்பக்கா கெடைக்கும்"னு. அக்கான்னுதான் கூப்பிட்டான், நானே என் காதால கேட்டேன். ஆனா வீரக்குமாருக்கு ஆம்பளைக் குரல் ஆகாது. சின்னதுல இருந்தே அப்படித்தான். என் கூடப்பொறந்தவன் வந்து என்கிட்ட சிரிச்சுப் பேசினாலே மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவான். பாசம் தாயி, வேற ஒண்ணுமில்ல. அன்னைக்கு அந்தப் போனை வாங்கித் தண்ணித் தொட்டியில போட்டான். அதுக்கப்புறம் ஆர்டரெல்லாம் என் பட்டன் போனுக்கு வந்துச்சு. வேலை நிக்கலையே. போனு இல்லாமலும் நடக்கத்தானே செஞ்சுச்சு.

அப்புறம் அந்தக் கதவு விஷயம். அதை ஊரே வேற மாதிரி பேசுது, நீ என் வாயால கேட்டுக்க. சோத்துல உப்புக் கூடிப்போச்சு, ரெண்டு பேருக்கும் பேச்சு முத்திருச்சு. அவ ரூமுக்குள்ள போயி கதவைச் சாத்தப் பாத்தா. இவன் வெளியில இருந்து கதவை ஓங்கி அடிச்சான். அவ கை கதவு நெலையில இருந்துருக்கு. வேணும்னே செய்வானா எவனாச்சும்? ரெண்டு வெரலு. ஆஸ்பத்திரியில அந்த நர்ஸம்மா குடைஞ்சு குடைஞ்சு கேட்டுச்சு. நான்தான் சொன்னேன், அம்மிக் குழவி விழுந்துருச்சுன்னு. நாகஜோதி வாயைத் தெறக்கலை. சமத்தா இருந்தா. நான் கூட வீட்டுக்கு வந்து அவளுக்கு ரசஞ்சோறு பெசஞ்சு ஊட்டிவிட்டேன்.

கட்டைப் பிரிச்சாக. வெரலு ஒட்டிருச்சு. ஆனா மடங்கலை. கத்திரிக்கோல் வளையத்துக்குள்ள வெரலை விடுவா, அமுக்க வராது. ஒத்துக்கிட்ட ஆர்டர் எல்லாம் அப்படியே நிக்குது. எதுத்த வீட்டு சகுந்தலா இருக்காள்ல, நேத்து ஜன்னல்ல நின்னுக்கிட்டு உன்னைப் பாத்துச் சிரிச்சாளே, அவதான். அவ வீட்டு வளைகாப்புக்கே பெட்டி பாக்கி. அவகூட நீ ரொம்ப வச்சுக்காத. நல்லவதான், ஆனா மூக்கு நீளம்.

அப்பதான் நான் வீரக்குமார்கிட்ட சொன்னேன். "ஏப்பா, காகிதம் வெட்ட கரண்டுல மெஷினு இருக்காம்ல. ஒண்ணு வாங்கிக் குடுத்துரு, பாவம்"னு. எந்த மாமியாக்காரி சொல்லுவா? நீயே சொல்லு. என் மாமியா எனக்கு ஒரு சீப்பு வாங்கிக் குடுத்ததில்ல.

மதுரைக்குப் போனோம், மூணு பேரும். குளுகுளுன்னு பெரிய கடை. அங்க ஒரு பொம்பளப் புள்ள மூணு மெஷினை வரிசையா வச்சுக் காட்டுச்சு. மொதல்ல ஒண்ணு, கைப்பிடி போட்டுச் சுத்துறது, கரும்புச்சாறு மெஷின் மாதிரி. கரண்டே வேணாம். ஆனா கடையில விக்கிற அச்சு எதுவோ அதை மட்டும்தான் வெட்டும். அது வேணாம்னு நானே சொல்லிட்டேன். ரெண்டாவது, வெள்ளையா, சிக்குன்னு இருந்துச்சு. அதுக்குப் போனோ கம்ப்யூட்டரோ வேணும். போன்ல படம் எடுத்துக் குடுத்தா இது வெட்டும். உலகத்துல இருக்குற டிசைனெல்லாம் அதுல வருமாம். நாகஜோதி அதுமேல கையை வச்சா. வச்ச கையை எடுக்கலை. "அத்தை, இது போதும் அத்தை, வெலையும் கம்மி"ன்னா. கல்யாணமான நாள்ல இருந்து அவ எனக்கு இது வேணும்னு கேட்டது அது ஒண்ணுதான்.

வீரக்குமார் கடைக்காரப் புள்ளகிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "போன் இல்லாம ஓடுறது எது?"

அந்தப் புள்ள அவனைப் பாத்துச்சு. அப்புறம் நாகஜோதி வெரலைப் பாத்துச்சு. பாத்துட்டு மூணாவதைக் காட்டுச்சு. இதுதான் அது. இதுக்குப் போனு வேணாம், கம்ப்யூட்டர் வேணாம், நெட்டு வேணாம். இதுலயே திரை இருக்கு பாரு, இதைத் தொட்டா எல்லாம் வரும். உள்ளயே ஸ்கேன் இருக்கு. நீ வரைஞ்ச படத்தையோ, ஒரு இலையையோ இந்தப் பசை அட்டையில ஒட்டி உள்ள விட்டா, அதோட ஓரத்தை அப்படியே படிச்சு வச்சுக்கும். அப்புறம் காகிதத்தை விட்டா அதே மாதிரி வெட்டித் தரும். இருக்குறதுலயே வெலை கூடினது இதுதான். ரெண்டாவதுக்கு ரெண்டு மடங்கு. வீரக்குமார் யோசிக்கவே இல்ல, எடுத்துட்டான். பொண்டாட்டிக்கு இம்புட்டு செலவழிக்கிறவன் எவன் இருக்கான்? நான் கடையிலயே கண்ணு கலங்கிட்டேன். அவ என்னடான்னா பஸ்ல ஊரு வந்து சேர்ற வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு வந்தா. நன்றி இல்லாத சென்மம்.

இரு... வாசல்ல வண்டிச் சத்தமா? இல்ல, சிலிண்டர்காரன். வீரக்குமார் வண்டிச் சத்தம் போகப் போக உனக்கே பிடிபடும். அந்தச் சத்தம் கேட்டா எந்திரிச்சு நின்னுக்க, என்ன? உட்காந்திருந்தா அவனுக்குப் பிடிக்காது.

எங்க விட்டேன்? ஆங், மெஷினு. வந்த புதுசுல அவ அதைத் தொடலை. அப்புறம் ஒருநாள் பாக்குறேன், கருவேப்பிலைக் கொத்தை அந்தப் பசை அட்டையில ஒட்டி உள்ள விட்டுக்கிட்டு இருக்கா. வெளியில வந்துச்சு பாரு, பச்சைக் காகிதத்துல அச்சு அசலா கருவேப்பிலை, ஒரு இலை ஓட்டையா இருந்துச்சு, அந்த ஓட்டையோட வெட்டியிருக்கு! எனக்கு ஒரே சிரிப்பு. அன்னையில இருந்து கையில கெடைச்சதையெல்லாம் விட்டுப் பாத்தா. சீப்பு, வளையலு, என் மூக்குக்கண்ணாடிக் காலு. தடியா இருந்தா உள்ள போகாது, தட்டையா இருக்கணும். அதையெல்லாம் ஒண்ணொண்ணா சோதிச்சுப் பாத்துக்கிட்டா. நான் நெனச்சேன், சரி, புள்ளைக்கு மனசு வேலையில லயிச்சிருச்சுன்னு.

நம்ம வீட்டுப் பூட்டைப் பாத்தில்ல? நேத்து உள்ள வரும்போது நிலைப்படியில நின்னு பாத்தியே. அது உங்க மாமா, என் வீட்டுக்காரவுக, கையால போட்ட பூட்டு. திண்டுக்கல்லுல பூட்டுப் போடாத கை ஏது, ஆனா இவுக பூட்டுன்னா பட்டறையில தனி மரியாதை. சொந்த வீட்டுக்குன்னு செஞ்சாக, கடைக்குக் குடுக்கலை. உள்ள தகடு தகடா அடுக்கு. சாவியில ஒரு பல்லு முடியளவு மாறினாலும் தெறக்காது. உடைக்கவும் முடியாது. ரெண்டே சாவி. ஒண்ணு என் இடுப்புல, இதோ. இன்னொண்ணு வீரக்குமார்கிட்ட. நானும் அவனும் வெளிய போறப்ப வெளியில பூட்டிட்டுத்தான் போவோம். உள்ள நாகஜோதி இருப்பா. நீ அப்படிப் பாக்காத. பொம்பளப் புள்ள ஒத்தையில இருக்கும்போது கதவைத் தெறந்து போட்டுட்டா போவாக? ஊரு கெட்டுக் கெடக்கு. பாதுகாப்புக்குத்தான். உனக்கும் அப்படித்தான், இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் மனசு சங்கடப்படக் கூடாது.

சகுந்தலா மக புது வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வச்சா. வந்தவுகளுக்குக் குடுக்க இனிப்புப் பெட்டி செஞ்சு தரணும்னு ஆர்டர் குடுத்தா சகுந்தலா. நாகஜோதி என்கிட்ட வந்து, "அத்தை, வீடு குடி போறாக, ஒவ்வொரு பெட்டியிலயும் தங்கக் காகிதத்துல ஒரு சாவி வெட்டித் தொங்கவிட்டா மங்களமா இருக்கும்ல"ன்னா. எனக்கு அந்த யோசனை அம்புட்டுப் பிடிச்சுப்போச்சு. பூட்டு ஊருல சாவியை விட மங்களம் என்ன இருக்கு? "நல்ல வடிவான சாவி ஒண்ணு கெடைச்சா மெஷின்ல விட்டு எடுத்துரலாம் அத்தை"ன்னா. பீரோ சாவியைக் குடுத்தேன். "இது அசிங்கமா இருக்கு அத்தை"ன்னா. வாஸ்தவந்தான், தகரத் துண்டு மாதிரி இருந்துச்சு.

அப்ப நான்தான் சொன்னேன். அவ கேக்கலை, நான்தான் சொன்னேன். "ஏன்டி, உங்க மாமா சாவி இருக்கும்போது வேற சாவி எதுக்கு? இதுல இருக்குற வேலைப்பாடு எதுல உண்டு?"ன்னு இடுப்புல இருந்து கழட்டிக் குடுத்தேன். நான் பக்கத்துலயே இருந்தேன் தாயி, கண்ணை எடுக்கலை. அவ எங்கயும் கொண்டு போகலை. பசை அட்டையில வச்சா, மேல ஒரு கண்ணாடித் தாளை ஒட்டினா, உள்ள விட்டா. தட்டைச் சாவி, அதனால சிக்காமப் போயிருச்சு. வெளியில வந்ததும் சாவியைத் தொடைச்சு என் கையில குடுத்துட்டா. நான் உடனே இடுப்புல சொருகிக்கிட்டேன்.

தங்கக் காகிதத்துல வெட்டிக் குடுத்தா பாரு. நான் இரும்புச் சாவியை அது மேல வச்சுப் பாத்தேன். பல்லுக்குப் பல்லு, மேட்டுக்கு மேடு, ஒரு இழை முன்ன பின்ன இல்ல. எனக்கு அழுகை வந்துருச்சு. உங்க மாமா செத்ததுக்கப்புறம் அவுக வேலையை யாரு நெனச்சுப் பாத்தா? "பெருசா வெட்டவா அத்தை, இதே அளவுல வெட்டவா?"ன்னு கேட்டா. "இதே அளவுல வெட்டுடி, உங்க மாமா அளவு தப்ப மாட்டாக"ன்னேன். பெட்டிக்கு ஒரு சாவின்னு அத்தனையும் அதே அளவுல வெட்டினா. விசேஷத்துக்கு நான் போயிருந்தேன். நாகஜோதியைக் கூட்டிட்டுப் போகலை, வெரலைப் பாத்து எவளாவது எதையாவது கேப்பா. வந்தவுக எல்லாம் அந்தச் சாவியைத் தூக்கித் தூக்கிப் பாத்தாக. "இது எங்க வீட்டுச் சாவிதான்"னு நான் எல்லாருகிட்டயும் பெருமையாச் சொன்னேன். சகுந்தலா கூட என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "அப்படியே அளவு மாறாமயா?"ன்னு ரெண்டு தடவை கேட்டா. அவளுக்கு அம்புட்டு ஆச்சரியம்.

மாசி மாசம் கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சொரிதல். நானும் வீரக்குமாரும் கெளம்பினோம். நாகஜோதி மெஷின்ல உட்காந்திருந்தா. ஏதோ சல்லடை மாதிரி கோலம், சந்து பொந்தெல்லாம் இழை இழையா, அது வெட்டி முடிக்கவே ரொம்ப நேரம் பிடிக்கும்னா. வெளியில பூட்டினோம். பூட்டை ஒரு தடவை இழுத்துப் பாத்துட்டுத்தான் போனேன்.

சாமி கும்பிட்டுட்டு நான் மட்டும் மொதல்ல திரும்பி வந்தேன், அவன் கூட்டாளிகளோட நின்னுட்டான். பூட்டு அப்படியே தொங்குது. உள்ள மெஷின் சத்தம் கேக்குது, கிர்ரு கிர்ருன்னு. சரி, வேலையா இருக்கான்னு நெனச்சேன். அந்நேரம் பாத்து சகுந்தலா, "வாங்கம்மா, காப்பி சாப்பிட்டுப் போங்க"ன்னு கூப்பிட்டா. என்னைக்கும் இல்லாத பிரியம். காப்பி குடுத்தா, முறுக்குக் குடுத்தா, மக வீட்டுக் கதையெல்லாம் சொன்னா. நான் எந்திரிக்கப் போனா கையைப் பிடிச்சு உட்கார வச்சா. அங்க இருந்தும் மெஷின் சத்தம் லேசாக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு. அந்தச் சத்தம் கேக்குற வரைக்கும் எனக்கு ஒரு கவலையும் இல்ல.

அப்புறம் சத்தம் நின்னுச்சு. நான் வந்து பூட்டைத் தெறந்தேன். முக்காலி காலி. பசை அட்டையில அந்தக் கோலம் முழுசா வெட்டி முடிஞ்சு கெடக்குது. இவளைக் காணோம்.

வீடு பூரா ஓடி ஓடிப் பாத்தேன். பின்கதவு உள்தாழ்ப்பாள் போட்டபடி இருக்கு. ஜன்னல் கம்பி ஒண்ணும் வளையலை. வாசப் பூட்டு, நான் பூட்டினது பூட்டினபடி. தெறந்து போனவ வெளியில நின்னு மறுபடி பூட்டிட்டுப் போயிருக்கணும். எப்படிப் போவா? சாவி ரெண்டும் எங்ககிட்ட. நான் அப்படியே முக்காலியில உட்காந்துட்டேன். கண்ணைக் கட்டி வித்தை காட்டின மாதிரி இருந்துச்சு.

வீரக்குமார் வந்தான். வீட்டைப் பொரட்டினான், மொட்டை மாடிக்கு ஓடினான், கிணத்துல எட்டிப் பாத்தான். அப்புறம் என்கிட்ட வந்தான். "நீதான் சாவி குடுத்த"ன்னான். பெத்த தாயைப் பாத்து! இல்லைன்னேன். கையை ஓங்கினான். ஓங்கினதோட சரி... லேசாப் பட்டுச்சு. அதுல இருந்து இந்த இடது காதுல ஒரு இரைச்சல். நீ இடது பக்கம் இருந்து பேசினா எனக்குக் கேக்காது, அதான் உன்னை இந்தப் பக்கமா உட்காரச் சொன்னேன். கோவத்துல செஞ்சுட்டான், பாவம். மறுநா அவனே காதுக்கு சொட்டு மருந்து வாங்கிட்டு வந்தான்.

போலீசுல இருந்து சேதி வந்துச்சு, அவ எங்கயோ ஊருல பத்திரமா இருக்கா, எம் மனசாரத்தான் போனேன்னு எழுதிக் குடுத்துட்டாளாம். எப்படிப் போனேன்னு மட்டும் சொல்லலை. வீரக்குமார் யோசிச்சு யோசிச்சு ஒரு முடிவுக்கு வந்தான். மாடி வழியாத்தான் போயிருக்கணும்னு. உடனே மாடிக்குக் கம்பிவலை அடிச்சான். பின்கதவை எடுத்துட்டு செங்கல் வச்சுப் பூசிட்டான், நீ பாத்தில்ல, கொல்லைப்பக்கம் புதுச் சுவரு. இனி வாசல் ஒண்ணுதான். வாசலுக்கும் வேற பூட்டு வாங்கிட்டு வந்தான். நான்தான் விடலை. சண்டை போட்டேன். "உங்கப்பா பூட்டு தோத்துப்போச்சுன்னு ஊரு சொல்லணுமாடா? அது உடைஞ்சுச்சா, வளைஞ்சுச்சா?"ன்னு. அவனும் பூட்டைப் புரட்டிப் புரட்டிப் பாத்தான். ஒரு கீறல் இல்ல. சரின்னு விட்டுட்டான். அதே பூட்டுதான் இன்னைக்கும் தொங்குது.

சனங்க வாயி சும்மா இருக்குமா? பஸ் ஸ்டாண்டு பக்கம் சாவி போடுற ஆளு ஒருத்தன் சொன்னானாம், யாரோ ஒரு பொம்பளை தங்கக் காகிதச் சாவி ஒண்ணைக் கொண்டாந்து குடுத்து, இதே அளவுக்கு இரும்புல அரத்தால ராவித் தாங்கன்னு கேட்டுச்சாம். காய்கறிக்காரி வந்து என்கிட்ட சொல்றா. நான் சிரிச்சுட்டேன். உங்க மாமா பூட்டுக்கு இன்னொரு சாவி போடணும்னா பூட்டைக் கழட்டி உள்ள பாத்தாத்தான் முடியும்னு அவுகளே சொல்லுவாக. காகிதத்தைப் பாத்து சாவி போட்டுருவானாக்கும்! விசேஷத்துக்கு வந்த எவளோ அழகுக்கு செஞ்சு வச்சுக்கிட்டிருப்பா. நான் வீரக்குமார்கிட்ட அதை மூச்சு விடலை. எதுக்குச் சொல்லணும்? சிரிப்பான்... சிரிக்க மாட்டான். இன்னொரு காது இருக்கே, அது நல்லாக் கேக்கட்டும்னு விட்டுட்டேன்.

அதை விடு. இப்ப நீ சொல்லு. புதுசு வாங்கலாமா? போன்ல ஓடுறதுன்னா வீரக்குமார் ஒத்துக்க மாட்டான், அதையும் சொல்லிட்டேன். ஆனா நீ ஆசைப்பட்டேன்னா நான் ஒரு வார்த்தை கேட்டுப் பாப்பேன்.

என்னது? சத்தமாச் சொல்லு. இதே போதுமா? ஸ்கேன் இருக்குல்ல, இதுவே போதும்னா சொல்ற? அடி என் தங்கம்! அவ பஸ்ல மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு வந்ததை நெனச்சா... நீ பாரு, பேசாம இருந்தாலும் எது நல்லதுன்னு உனக்குத் தெரியுது. காலையில இருந்து கண்ணு செவந்து உட்காந்திருந்த புள்ள, இப்பதான் மூஞ்சில ஒரு தெளிச்சி வந்திருக்கு. வேலைன்னு ஒண்ணு வந்துட்டா மனசு தானா ஒட்டிக்கும். அன்னைக்கு அவளுக்கும் அப்படித்தான் இருந்துச்சு.

உங்கம்மா ஆடிக்கு அழைச்சிட்டுப் போறேன்னு ஆரம்பிப்பாக. அந்த வழக்கம் எங்க வீட்ல இல்லைன்னு நான் சொல்லிக்கிறேன், நீ அழுது வைக்காத. நாகஜோதி அம்மாவும் வந்துச்சு, சீரை வச்சிட்டு ஒத்தையிலதான் போச்சு. அழுதுக்கிட்டேதான் போச்சு, பெத்தவுக அப்படித்தான். உங்கம்மா வெறுங்கையோட போகக் கூடாதுல்ல, ஒரு இனிப்புப் பெட்டி செஞ்சு குடுத்தனுப்பு. உன் கையால செஞ்சதுன்னு சந்தோசப்படுவாக. பஸ்ஸை விட்டு எறங்கினதும் வழி தெரியாமத் தவிப்பாகளேன்னு பாத்தேன். சகுந்தலா தானே போயிக் கூட்டிட்டு வாரேன்னுட்டா. திரும்பப் போறப்பவும் அவளே கொண்டு போயி ஏத்திவிடுவாளாம். உபகாரி.

எதைக் காட்டுற? உங்க மாமா போட்டோவுலயா? ஓ, அதுவா. அந்தக் கிரகப்பிரவேசத்துச் சாவிதான். மிச்சம் ஒண்ணு இருந்துச்சு, அவுக கை வேலை அவுககிட்டயே இருக்கட்டும்னு நான்தான் மாலையோட சேத்துத் தொங்க விட்டேன். உங்கம்மாவுக்குக் குடுக்குற பெட்டியில வைக்கணுமா? ஆத்தாடி, என்ன ஆசை பாரு இதுக்கு! வை. எடுத்துக்க. காகிதந்தானே. எனக்கு வேணும்னா இன்னொண்ணு வெட்டிக்கிட்டாப் போச்சு, எல்லாம் இந்த மெஷினுக்குள்ள பதிஞ்சுதான் கெடக்கு. பாத்து எடு, பல்லு மடங்கிறப் போகுது. மடங்கினா அழகு போயிரும்.

ஏத்தா, உள்ளங்கையில வச்சு என்னத்த அளந்து பாக்குற? உங்க மாமா அளவு தப்ப மாட்டாகன்னுதான் சொன்னேனே.

அந்தா... இதுதான் அவன் வண்டி. கேட்டுக்க, நல்லாக் கேட்டுக்க. எந்திரி. முக்காலியைத் தள்ளிப் போடு, மெஷின் மேல துணியைப் போட்டு மூடு. அந்தச் சாவியை எங்க வச்சிருக்க? மேசையில போட்டு வைக்காத. காகிதக் குப்பை கண்ணுல பட்டா அவனுக்கு ஆகாது. இடுப்புல சொருகிக்க. இன்னும் கொஞ்சம் உள்ள. ஆங், இப்பத் தெரியலை.